நானோகுழாய்த் தகடு: நுண்ணலையைத் தடுக்கவா, விழுங்கவா?

கார்பன் நானோகுழாய் கலந்த தகட்டின் மேல் மின்காந்த அலை விழுந்தால் மூன்றுதான் நடக்கும். ஒரு பங்கு திரும்பிப் போகும், ஒரு பங்கு தகட்டுக்குள்ளேயே வெப்பமாகிவிடும், மிச்சம் மறுபுறம் கடந்துவிடும். எந்தப் பங்கு எவ்வளவு என்பது குழாயின் அளவையும், அது பரவியிருக்கும் விதத்தையும், தகட்டின் தடிமனையும் பொறுத்தது. முதன்முறையாக இந்த வேலையில் இறங்கும் மாணவருக்கான வழிகாட்டி இது. எபாக்சிப் பிசினில் பலசுவர் நானோகுழாய் (ஒன்றுக்குள் ஒன்றாகப் பல சுவர் கொண்ட குழாய்) கலந்து தகடு வார்ப்பது, 8.2 முதல் 12.4 கிகாஹெர்ட்ஸ் வரையுள்ள எக்ஸ் பேண்டில் அதை அளப்பது, கிடைத்த எண்களைத் தவறாகப் படிக்காமல் இருப்பது என்ற வரிசையில் போகலாம்.

முதலில் ஒரு முடிவு

உங்களுக்கு வேண்டியது தடுப்புத் தகடா, உறிஞ்சும் தகடா? வேலை தொடங்கும் முன்பே இதற்குப் பதில் சொல்லிவிட வேண்டும். இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்து ஆறு மாதம் உழைத்துவிட்டு, கடைசியில் வரைபடத்தைப் பார்த்துக் குழம்புவது இந்தத் துறையில் அடிக்கடி நடக்கிறது.

தடுப்புக்கு வேண்டியது கடத்துதிறன், அது எவ்வளவு கூடினாலும் நல்லது. 10 கிகாஹெர்ட்ஸில் கடத்துதிறன் 100 சீமன்ஸ்/மீட்டர் உள்ள பொருளுக்குள் அலை ஊடுருவும் ஆழம் சுமார் 0.5 மில்லிமீட்டர். ஒவ்வொரு ஊடுருவு ஆழத்துக்கும் அலை 8.7 டெசிபெல் தேயும் (10 டெசிபெல் தேய்ந்தால் ஆற்றல் பத்தில் ஒன்றாகும்). எனவே 2 மில்லிமீட்டர் தகட்டுக்குள் நுழைந்த அலை 34 டெசிபெல் இழந்துவிடும். கடத்துதிறன் 1 சீமன்ஸ்/மீட்டர் என்றால் அதே ஆழம் 5 மில்லிமீட்டரையும் தாண்டிவிடும். அப்போது உங்கள் தகடு அலைக்கு ஏறக்குறைய ஜன்னல்தான்.

உறிஞ்சுவதற்கோ அலை முதலில் உள்ளே வர வேண்டும். காற்றின் மின்மறுப்பு, அதாவது அலைக்கு அது காட்டும் எதிர்ப்பு, 377 ஓம். தகட்டின் முகப்பில் அது வெகுவாகக் குறைந்தால் அலை வாசலிலேயே திரும்பிவிடும். பின்புறம் உலோகம் ஒட்டிய தகட்டை எடுத்துக்கொள்வோம். மின்புலத்துக்கு ஒரு பொருள் எவ்வளவு இணங்குகிறது என்று சொல்லும் எண் விடுதிறன்; அதன் மெய்ப்பகுதி ஆற்றலைத் தேக்குவதையும் இழப்புப் பகுதி வெப்பமாக்குவதையும் காட்டும். நம் தகட்டின் சார்பு விடுதிறனின் மெய்ப்பகுதி 9 என்றால், 10 கிகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம் 2.5 மில்லிமீட்டர். இந்தத் தடிமனில் அலை முழுக்க உறிஞ்சப்பட, விடுதிறனின் இழப்புப் பகுதி சுமார் 4 இருந்தால் போதும். கடத்துதிறனாகச் சொன்னால் அது 2 சீமன்ஸ்/மீட்டரை ஒட்டி வரும். தடுப்புக்கு 100, உறிஞ்சலுக்கு 2. ‘இன்னும் கொஞ்சம் குழாய் போட்டால் இன்னும் நன்றாக உறிஞ்சும்’ என்ற நினைப்பு தவறு என்பதற்கு இந்த இரண்டு எண்களே போதும்.

பார்க்கும் ஒளியிலும் இதே கதைதான். 2014-இல் வெளிவந்த வாண்டாபிளாக் என்ற நானோகுழாய்ப் பூச்சு, விழும் ஒளியில் 99.965 விழுக்காட்டை விழுங்குகிறது. செங்குத்தாக நிற்கும் அந்தக் குழாய்க் காட்டில் பெரும்பகுதி காலி இடம். அதனால் ஒளி முகப்பில் எதையும் மோதாமல் உள்ளே போய்விடுகிறது. கார்பன் அதிகம் என்பதால் வந்த கறுப்பு அல்ல அது, அடர்த்தி குறைவு என்பதால் வந்தது.

குழாய் ஏன், கரிப்பொடி ஏன் போதாது

தரையில் கடுகைத் தூவிப் பாருங்கள். ஒன்றையொன்று தொட்டுச் சங்கிலியாக வேண்டுமென்றால் தரையின் பெரும்பகுதியை நிரப்ப வேண்டியிருக்கும். அதே தரையில் வைக்கோலைத் தூவினால் ஒரு கைப்பிடியிலேயே ஒன்றின்மேல் ஒன்று விழுந்து வலையாகிவிடும். 10 நானோமீட்டர் தடிமனும் 10 மைக்ரோமீட்டர் நீளமும் உள்ள குழாய், தன் தடிமனைப்போல ஆயிரம் மடங்கு நீளம் கொண்ட வைக்கோல். எபாக்சியில் எடைப்படி 0.1 முதல் 1 விழுக்காட்டுக்குள் வலை கூடிவிடும். அந்த அளவைத் தாண்டும்போது கடத்துதிறன் பத்தின் பல அடுக்குகள் ஒரே தாவலில் ஏறும். சாதாரணக் கரிப்பொடிக்கு இதைப்போலப் பல மடங்கு எடை வேண்டும்.

வலை அலையை மூன்று விதமாகப் பாதிக்கிறது. தொட்டுக்கொண்டிருக்கும் குழாய்களின் வழியே மின்னோட்டம் ஓடி வெப்பமாகிறது. தொடாமல் நடுவே மெல்லிய எபாக்சிப் படலத்தோடு நிற்கும் குழாய்கள் சின்னஞ்சிறு மின்தேக்கிகளாகி விடுதிறனை உயர்த்துகின்றன. குழாயும் எபாக்சியும் சந்திக்கும் பரப்புகளில் மின்னூட்டம் சேர்ந்து, அலையின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்கி இழப்பாகிறது.

ஒன்றை மறக்க வேண்டாம். அலையின் மின்புலத் திசையில் படுத்திருக்கும் குழாய்தான் வேலை செய்யும், குறுக்கே கிடப்பது ஏறக்குறைய சும்மா இருக்கும். கலவையை அச்சின் ஒரு மூலையிலிருந்து ஊற்றினால் ஓட்டத்தின் திசையில் குழாய்கள் சாயும். அந்தத் தகட்டில் நெடுக்காக வெட்டிய துண்டும் குறுக்காக வெட்டிய துண்டும் வேறு வேறு எண்களைத் தரும்.

வாங்க வேண்டியவை

பலசுவர் நானோகுழாய், தூய்மை 95 விழுக்காட்டுக்கு மேல், வெளிவிட்டம் 10 முதல் 20 நானோமீட்டர், நீளம் 10 மைக்ரோமீட்டருக்கு மேல். அமிலத்தில் ஊறவைத்து கார்பாக்சில் ஏற்றிய வகை எபாக்சியில் எளிதாகக் கலக்கும். ஆனால் அந்த வேதிவினை குழாயின் சுவரைக் குத்தி அதன் கடத்துதிறனைக் குறைக்கிறது. மின்காந்த வேலைக்கு ஒன்றும் ஏற்றாத வகையே நல்லது.

பிசினுக்கு, இந்திய ஆய்வகங்களில் பரவலாகப் புழங்கும் எல்ஒய் 556 எபாக்சியும் அதை இறுகவைக்கும் எச்ஒய் 951 ஹார்டனரும் போதும். எடையில் 10-க்கு 1 என்ற விகிதம். இவற்றோடு அசிட்டோன், 13 மில்லிமீட்டர் முனையுள்ள ப்ரோப் சோனிகேட்டர் (ஒலி அதிர்வால் கட்டிகளைப் பிரிக்கும் கருவி), சூடேற்றும் காந்தக் கலக்கி, வெற்றிட டெசிகேட்டர், மில்லிகிராம் காட்டும் தராசு, 400-ஆம் எண் உப்புத்தாள், வெள்ளிப் பேஸ்ட் வேண்டும். சோனிகேட்டரில் தண்ணீர்த் தொட்டி வகை மட்டும் இருக்கிறது என்றால் மூன்று மணி நேரம் ஓட்டினாலும் கட்டிகள் முழுக்கப் பிரியாது.

பொடியைக் கையாளும்போது

நானோகுழாய்ப் பொடி பார்க்கப் பஞ்சுபோல இருக்கும். டப்பாவைத் திறந்தாலே பறக்கும், பறந்தது கண்ணுக்குத் தெரியாது. 2014-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை ஒரு வகைப் பலசுவர்க் குழாயை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்ற 2பி பிரிவில் வைத்தது. அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையாஷ் 2013-இல் பரிந்துரைத்த எல்லை, எட்டு மணி நேர வேலையில் கனமீட்டர் காற்றுக்கு 1 மைக்ரோகிராம். இதை அலட்சியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஃபியூம் ஹுட்டுக்குள் (காற்றை உறிஞ்சி வெளியேற்றும் பெட்டி) எடை போடுங்கள், மின்விசிறியை அணையுங்கள், என்95 முகமூடியும் இரட்டைக் கையுறையும் அணியுங்கள். சிந்தினால் துடைப்பம் கூடாது, ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். திரவத்தில் நனைந்துவிட்டால் பெரும் ஆபத்து தீர்ந்தது. பிறகு தகட்டை அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் அது திரும்ப வரும், ஆகவே அந்த வேலைகளைத் தண்ணீர் விட்டே செய்ய வேண்டும்.

கையில் கொஞ்சம் பொடி மிஞ்சியிருக்கிறதே என்று சமையலறை மைக்ரோவேவில் வைத்துப் பார்க்கும் ஆசை பலருக்கு வரும். 2.45 கிகாஹெர்ட்ஸில் உலர்ந்த குழாய்ப் பொடி சில நொடிகளில் தணலாகி ஒளிவிடும், பொறி பறக்கும், பொடியும் காற்றில் கிளம்பும். செய்ய வேண்டாம்.

எடைக் கணக்கு

ஒரு வார்ப்புக்கு 20 கிராம் பிசின், 2 கிராம் ஹார்டனர், மொத்தம் 22 கிராம். இதில் 0.5 விழுக்காட்டுக்கு 0.111 கிராம் குழாய், 1 விழுக்காட்டுக்கு 0.222, 2 விழுக்காட்டுக்கு 0.449. ஹார்டனரின் எடையையும் சேர்த்துத்தான் விழுக்காடு. பிசினை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் பத்தில் ஒரு பங்கு பிழை வரும். குழாயே சேர்க்காத ஒரு தகட்டையும் கட்டாயம் வார்த்துக்கொள்ளுங்கள், பின்னால் அதுதான் உங்கள் அளவுகோல். 3 விழுக்காட்டில் இந்தப் பிசின் களிபோல ஆகி ஊற்ற வராது, குமிழியும் வெளியேறாது. முதல் சுற்றை 2 விழுக்காட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கலக்கும் படிகள்

1. 0.222 கிராம் குழாயை 250 மில்லி பீக்கரில் 100 மில்லி அசிட்டோனில் போடுங்கள். பீக்கரைப் பனிக்கட்டித் தொட்டியில் நிறுத்துங்கள்.

2. சோனிகேட்டர் முனை அடியைத் தொடாமல் 2 சென்டிமீட்டர் மேலே இருக்கட்டும். 40 விழுக்காடு வீச்சில், 5 நொடி ஓட்டம் 5 நொடி ஓய்வு என்று, ஓட்டநேரம் 20 நிமிடம் வரும்வரை விடுங்கள். அசிட்டோன் ஆவி பூஜ்ஜியத்துக்குக் கீழேயே தீப்பற்றும். ஹுட்டுக்குள் செய்யுங்கள், பனி உருகினால் மாற்றுங்கள், அறையில் தீப்பொறி எதுவும் கூடாது.

3. 20 கிராம் பிசினைச் சேர்த்துக் கரையும்வரை கலக்கி, இன்னும் 10 நிமிடம் சோனிகேட்டரை ஓட்டுங்கள்.

4. காந்தக் கலக்கியில் 60 டிகிரியில் தொடங்கி 80 டிகிரிக்கு மெல்ல ஏற்றி அசிட்டோனை விரட்டுங்கள். கலக்கலை நடுவில் நிறுத்தினால் குழாய்கள் திரும்பச் சேர்ந்து கட்டி தட்டிவிடும்.

5. அசிட்டோன் போய்விட்டதா என்பதை மூக்கால் சோதிக்காதீர்கள். பீக்கர், காந்தத் துண்டு, பிசின், குழாய் எல்லாம் சேர்ந்த எடையை முதலிலேயே குறித்து வைத்து, தராசு அந்த எடைக்கு 0.1 கிராம் நெருங்கும்வரை ஓட்டுங்கள். மிச்ச அசிட்டோன் இருந்தால் தகடு இறுகிய பிறகும் ரப்பர்போல வளையும், உள்ளே ஊசிக் குமிழிகள் நிற்கும்.

ஐந்தாம் படி முடிந்ததும் ஒரு சொட்டை இரண்டு கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே அழுத்தி, 100 மடங்கு உருப்பெருக்கத்தில் பாருங்கள். நன்றாகக் கலந்தது தேநீர் டிகாக்ஷன்போல ஒரே சாம்பல்பழுப்பாகத் தெரியும். சரியாகக் கலக்காததில் வெளுத்த பின்னணியில் கறுப்புத் தீவுகள் நிற்கும். 20 மைக்ரோமீட்டருக்கு மேற்பட்ட தீவுகள் நிறைய இருந்தால் அசிட்டோன் சேர்த்து இரண்டாம் படிக்குத் திரும்புங்கள்.

அதற்காக மணிக்கணக்கில் சோனிகேட்டர் ஓட்டுவதும் கூடாது. அதிர்வு குழாய்களை ஒடிக்கிறது. வைக்கோல் உமியாகிப் போனால் வலை கூடாது. இன்னொன்றும் உண்டு: ஒவ்வொரு குழாயும் தனித்தனியாகப் பிரிந்து பிசினால் முழுக்கப் போர்த்தப்பட்டுவிட்டால், படம் அழகாக வரும், கடத்துதிறன் குறைந்துவிடும். லேசாக ஒன்றையொன்று தொட்டு நிற்பதுதான் நமக்கு வேண்டியது. அழகான எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தை நம்பாமல் ஓம்மீட்டரை நம்புங்கள்.

வார்ப்பு

கலவை 30 டிகிரிக்குக் கீழே ஆறிய பிறகே ஹார்டனர். சூட்டோடு சேர்த்தால் பீக்கரிலேயே இறுகத் தொடங்கும். நுரை எழாமல் ஐந்து நிமிடம் மெல்லக் கலக்கி, பத்து நிமிடம் வெற்றிடத்தில் வைத்துக் குமிழி எடுத்து, அரை மணி நேரத்துக்குள் ஊற்றிவிடுங்கள். மெழுகு பூசிய இரண்டு கண்ணாடித் தகடுகளும் நடுவே 2.3 மில்லிமீட்டர் இடைவெளிச் சட்டமும் அச்சாகப் போதும். அறை வெப்பத்தில் 24 மணி நேரம், பிறகு 80 டிகிரி அடுப்பில் 3 மணி நேரம்.

அச்சிலிருந்து எடுத்த தகடு கண்ணாடிபோல மின்னும். அந்த மினுமினுப்பு குழாயே இல்லாத வெறும் பிசின் தோல், மின்சாரம் ஏறாது. அதன் மேல் வெள்ளிப் பேஸ்ட் பூசி அளந்தவர்கள், நல்ல தகட்டையே கடத்தாத தகடு என்று ஒதுக்கிவிடுவார்கள். 400-ஆம் எண் உப்புத்தாளில் தண்ணீர் விட்டு இரு முகத்தையும் மினுமினுப்பு போகும்வரை தேயுங்கள். தடிமனை 2.00 மில்லிமீட்டருக்குக் கொண்டுவரும் வேலையும் அதோடு முடியும்.

முதல் சோதனை: மல்டிமீட்டர்

நுண்ணலைக் கருவிக்குப் போகுமுன் 10 மில்லிமீட்டர் அகலத் துண்டு ஒன்றை வெட்டி, 40 மில்லிமீட்டர் இடைவெளியில் துண்டின் சுற்றளவு முழுதும் வெள்ளிப் பேஸ்ட் பட்டை போட்டு, மின்தடையை அளவிடுங்கள். கடத்துதிறன் என்பது நீளத்தை, மின்தடையும் குறுக்குப்பரப்பும் பெருக்கி வந்ததால் வகுத்தது. 2 மில்லிமீட்டர் தடிமனில் 2,000 ஓம் காட்டினால் 1 சீமன்ஸ்/மீட்டர். 200 கிலோ ஓம் என்றால் 0.01. மெகா ஓம்களில் போனால் வலை கூடவில்லை. அதை எக்ஸ் பேண்டில் அளந்து நேரம் போக்க வேண்டாம்.

இந்த முறையில் 100 சீமன்ஸ்/மீட்டரை எட்டுவது கடினம், 1 முதல் 10-க்குள் வந்தாலே நல்ல வார்ப்பு. உங்கள் நோக்கம் தடுப்பு மட்டும் என்றால், குழாய்களை நீரில் கரைத்து வடிகட்டித் தாளாக உரித்தெடுக்கும் பக்கி பேப்பர் பக்கம் போவதே நல்ல வழி. 10,000 சீமன்ஸ்/மீட்டர் உள்ள 50 மைக்ரோமீட்டர் தாளே சுமார் 40 டெசிபெல் தடுக்கும்.

வேவ்கைடில் அளப்பது

வேவ்கைடு என்பது அலையைக் கொண்டுசெல்லும் உலோகக் குழல். எக்ஸ் பேண்டுக்கான டபிள்யூஆர்-90 வேவ்கைடின் உள்ளளவு 22.86 க்கு 10.16 மில்லிமீட்டர். 2 மில்லிமீட்டர் தடிமனில் இதே துளையுள்ள பித்தளைச் சட்டம் ஒன்று செய்துகொள்ளுங்கள். மாதிரி அதில் இரு முகமும் சமமாக உட்கார வேண்டும். அப்படி இருந்தால் அளவீட்டின் தொடக்கக் கோடும் மாதிரியின் முகமும் ஒன்றாகிவிடும், அலையின் கட்டத்தைத் (ஃபேஸ்) திருத்தும் வேலை மிச்சம்.

திரும்பும் அலையையும் (எஸ்11) கடக்கும் அலையையும் (எஸ்21) அளக்கும் கருவியான வெக்டர் நெட்வொர்க் அனலைசரை அரை மணி நேரம் சூடேறவிட்டு, டிஆர்எல் முறையில் அளவுத்திருத்தம் செய்யுங்கள். இரு முனையையும் நேராக இணைப்பது, உலோகத் தகட்டால் மூடுவது, கால் அலைநீளத் துண்டு வைப்பது என்று மூன்று இணைப்பு. 10 கிகாஹெர்ட்ஸில் இந்த வேவ்கைடுக்குள் அலைநீளம் 39.7 மில்லிமீட்டர், ஆகவே கால் அலைத் துண்டு சுமார் 9.9 மில்லிமீட்டர். முடிந்ததும் நேராக இணைத்துப் பாருங்கள், எஸ்21 பூஜ்ஜியக் கோட்டில் 0.05 டெசிபெலுக்குள் நிற்க வேண்டும். பிறகு உலோகத் தகட்டை நடுவில் வைத்து எஸ்21 எவ்வளவு இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் அமைப்பு அளக்கக்கூடிய தடுப்பின் எல்லை அதுதான். அடுத்து டெஃப்லான் துண்டு, விடுதிறன் 2.05-ஐ ஒட்டி வர வேண்டும். குழாய் சேர்க்காத எபாக்சி 3-ஐ ஒட்டி வரும். இவை வராமல் நானோகுழாய்த் தகட்டைத் தொடாதீர்கள்.

பெரும்பாலான பிழை மாதிரிக்கும் வேவ்கைடுச் சுவருக்கும் நடுவே இருக்கும் இடுக்கில் ஒளிந்திருக்கிறது. மின்புலம் 10.16 மில்லிமீட்டர் திசையில் நிற்கிறது. அந்தத் திசையில் 0.1 மில்லிமீட்டர் காற்று இடுக்கு விழுந்தால், உண்மை விடுதிறன் 10 என்பது 9.2 ஆகத் தெரியும். 30 என்பது 23 ஆகிவிடும். குழாய் கூடக் கூடப் பிழையும் கூடுவதால், விழுக்காடு ஏறியும் விடுதிறன் ஏறாமல் நிற்பதுபோல ஒரு பொய்யான வளைவு கிடைக்கும். துண்டை 0.3 மில்லிமீட்டர் பெரிதாக அறுத்து, மைக்ரோமீட்டரில் பார்த்துப் பார்த்து ஈர உப்புத்தாளில் தேய்த்து, விரலால் அழுத்தினால்தான் உள்ளே போகும் என்ற அளவுக்குக் கொண்டுவாருங்கள். பிறகும் ஐயம் இருந்தால், நீண்ட விளிம்புகள் இரண்டிலும் மெல்லியதாக வெள்ளிப் பேஸ்ட் தடவிப் பொருத்துங்கள். குறுகிய சுவர்களில் மின்புலம் பூஜ்ஜியம், அங்கே சிறு இடுக்கு பெரிய கேடு செய்யாது.

எஸ்11, எஸ்21 இரண்டிலிருந்தும் விடுதிறனைக் கணக்கிட நிக்கல்சன்-ராஸ்-வியர் முறை போதும். காந்த ஊடுதிறனையும் அது தனியாகத் தரும். நானோகுழாய்த் தகடு காந்தப் பொருள் அல்ல, ஆகவே அந்த எண் 1-ஐ ஒட்டியே வர வேண்டும். 0.7 அல்லது 1.4 என்று வந்தால் புதிய கண்டுபிடிப்பு என்று மகிழாமல், தடிமனை எத்தனை என்று கொடுத்தீர்கள், மாதிரி சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

எண்களைப் படிப்பது

முதலில் டெசிபெலை விட்டுவிட்டு நூற்றுக்கு எத்தனை என்று எழுதுங்கள். எஸ்11-இன் வர்க்கம் திரும்பிய பங்கு, எஸ்21-இன் வர்க்கம் கடந்த பங்கு, நூறில் மிச்சம் உறிஞ்சியது.

ஒரு தகட்டில் எஸ்11 மைனஸ் 1 டெசிபெல், எஸ்21 மைனஸ் 30 டெசிபெல் என்று வைத்துக்கொள்வோம். திரும்பியது 79.4 விழுக்காடு, கடந்தது 0.1, உறிஞ்சியது 20.5. இதையே கட்டுரைகளில் வழங்கும் முறையில் எழுதினால், எதிரொளிப்பால் வந்த தடுப்பு 6.9 டெசிபெல், உறிஞ்சலால் வந்த தடுப்பு 23.1 டெசிபெல். 23 பெரிது, 7 சிறிது, ஆகவே ‘இந்தத் தகடு முக்கியமாக உறிஞ்சுகிறது’ என்று எழுதிவிடுகிறார்கள். ஐந்தில் நான்கு பங்கை முகத்திலேயே திருப்பி அடிக்கும் தகடு அது! 23.1 டெசிபெல் என்பது உள்ளே நுழைந்த சிறு பங்கு எவ்வளவு தேய்ந்தது என்று சொல்கிறதே தவிர, விழுந்த அலையில் எவ்வளவு உறிஞ்சப்பட்டது என்று சொல்லவில்லை. அச்சில் வந்த ஆய்வுகளிலேயே இந்தக் குழப்பம் கிடைக்கும், அதனால் புதியவர்கள் அதை அப்படியே நகலெடுக்கிறார்கள். உங்கள் அறிக்கையில் மூன்று விழுக்காடுகளையும் ஒரே அட்டவணையில் கொடுங்கள், எவரும் ஏமாற மாட்டார்கள்.

உறிஞ்சும் தகடு என்றால் கடைசிச் சோதனை

விடுதிறனை வைத்துக் கணினியில் பல தடிமன்களுக்கு எதிரொளிப்பு இழப்பு வரைந்து, வளைவில் மைனஸ் 40 டெசிபெல் குழி கிடைத்ததும் நிறுத்திவிடுவது வழக்கம். நிறுத்தாதீர்கள். மாதிரிக்குப் பின்னால் உலோகத் தகட்டை ஒட்டி வைத்து எஸ்11-ஐ நேரடியாக அளவிடுங்கள். வேவ்கைடுக்குள் 10 கிகாஹெர்ட்ஸில் அலையின் மின்மறுப்பு 377 அல்ல, சுமார் 500 ஓம். எனவே குழியின் ஆழம் திறந்தவெளிக் கணக்கோடு அப்படியே பொருந்தாது. வேவ்கைடுக்கான மின்மறுப்பைப் போட்டு மறுபடி கணக்கிட்டால் இரண்டும் ஒத்துவர வேண்டும். ஒத்து வரவில்லை என்றால் விடுதிறன் எண்ணில் பிழை, பெரும்பாலும் அதே இடுக்குதான்.

குழி ஆழமில்லாமல் அகலமாகக் கிடந்தால் குழாய் அதிகம், விழுக்காட்டைக் குறைத்து வார்த்துப் பாருங்கள். ஆழமில்லாமல் குறுகலாக இருந்தால் குழாய் போதவில்லை. குழி ஆழமாகவே இருந்து அதிர்வெண் மட்டும் தள்ளி விழுந்திருந்தால் கலவையில் கை வைக்க வேண்டாம், தடிமனைத் திருத்தினால் போதும். விடுதிறன் 9 உள்ள தகட்டில் 0.1 மில்லிமீட்டர் குறைந்தால் குழி சுமார் 0.4 கிகாஹெர்ட்ஸ் மேலே நகரும். தேய்த்துக் குறைக்கத்தான் முடியும், கூட்ட முடியாது. ஆகவே 10 கிகாஹெர்ட்ஸுக்கு 2.5 வேண்டும் என்றால் அச்சுச் சட்டத்தை 3 மில்லிமீட்டருக்கு வைத்து வார்த்து, துண்டையும் அதே தடிமனுள்ள சட்டத்தில் பொருத்தி அளந்து, 0.1 மில்லிமீட்டர் தேய்ப்பதும் மறுபடி அளப்பதுமாகக் குழியை இடத்துக்குக் கொண்டுவாருங்கள்.